தோட்டத்தில் ஓர் இளைஞர் கழகம்: தொடங்குவதிலிருந்து கைமாற்றிக் கொடுப்பது வரை

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் இளைஞர் கழகம் தொடங்குவது பெரிய கஷ்டம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபம், இருபது பிள்ளைகள் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். நான் கூட இருந்து தொடங்கிய முதல் கழகம் ஐந்தாவது மாதம் நின்றுபோனது. சண்டை எதுவும் நடக்கவில்லை. தலைவராக இருந்த தம்பி கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனான். செயலாளராக இருந்த தங்கைக்குக் கார்மென்ட்டில் வேலை கிடைத்தது. யார் யார் வந்தார்கள் என்று எழுதுகிற வரவுக் கொப்பி யார் வீட்டில் இருக்கிறது என்றுகூட மிச்சம் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

சாதாரண தரப் பரீட்சை எழுதியதும் பாதிப் பேர், உயர்தரப் பரீட்சை முடிந்ததும் மீதிப் பேர் என்று எங்கள் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் போகிறார்கள். அவர்களைப் போகாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, சொல்லவும் கூடாது. ஆகவே, போகப்போகிறவர்களை வைத்துத்தான் கழகத்தைக் கட்ட வேண்டும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு கழகங்கள் தேவைப்பட்டன. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்து எழுதியது.

1. கூட்டம் போடுவதற்கு முன் யாரைப் பார்க்க வேண்டும்

தோட்டத்தில் நிலமும் கட்டடமும் பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் மறுபடி தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), பிள்ளை மடுவம் (பிள்ளைக் காப்பகம்), மைதானம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதனால் 'நம்ம இடம்தானே' என்று கூட்டம் போட்டால் அடுத்த கிழமை பூட்டுத் தொங்கும்.

முதலில் தோட்டத் தலைவர்களைப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் இரண்டு மூன்று தொழிற்சங்கங்கள் இருக்கும். எல்லாத் தலைவர்களையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். காலையில் ஒருவர், மூன்று நாள் கழித்து இன்னொருவர் என்று போனால், கழகத்துக்கு முதலில் பார்த்தவரின் சங்க நிறம் வந்துவிடும். அப்புறம் அதைக் கழுவுவது லேசில் முடியாது. அவர்களிடம் அனுமதி கேட்கிற தொனி வேண்டாம், மறைக்கிற தொனியும் வேண்டாம். "ஐயா, பிள்ளைகளைச் சேர்த்து இப்படி ஒரு வேலை செய்யப்போகிறோம், உங்கள் பிள்ளைகளும் வரவேண்டும்" என்று சொன்னால் போதும்.

அடுத்தது தோட்ட அலுவலகம். வாயால் கேட்காதீர்கள். எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, சாவிக்குப் பொறுப்பு யார் என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். துரை (தோட்ட மேலாளர்) மாறினாலும் அந்தக் கடதாசி இருக்கும்.

பாடசாலை அதிபர், கோயில் கமிட்டி, தேவாலயம் இருந்தால் பாதர் அல்லது பாஸ்டர், கிராம உத்தியோகத்தர் ஆகியோரையும் பார்க்க வேண்டும். இவர்களோடு ஒருவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவர்தான் குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைஃப் என்று கூப்பிடுகிற அக்கா. எந்த வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, எந்த வீட்டில் தாய் வெளிநாட்டில் இருக்கிறார், எந்தப் பிள்ளையை ஆச்சி தனியாக வளர்க்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மற்றவர் வீட்டு விஷயத்தை அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். இப்படி ஒரு கழகம் இருக்கிறது என்று அந்த வீடுகளுக்கு அவர் சொன்னாலே பெரிய உதவி.

முதல் ஒரு வருடம் எந்த அரசியல்வாதியிடமும் பந்து, ஜேர்சி, நாற்காலி எதையும் வாங்காதீர்கள். நல்ல மனதோடு கொடுப்பவரும் இருப்பார். ஆனால் அவருக்கு வாக்களிக்காத வீட்டுப் பிள்ளை அந்த நாற்காலியில் உட்காராது.

2. லயம் லயமாகப் பெயர் எழுதுவது

ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டத்தின் ஒரு டிவிஷனும் (பிரிவும்) விடாமல் நடக்க வேண்டும். ஞாயிறு காலை நல்ல நேரம். தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் துணி துவைக்கிற தாய்மாரை அங்கேயே சந்தித்துப் பேசலாம். வேலை நாளில் மாலை கொழுந்தை நிறுவை போட்டுவிட்டுக் களைத்து வருகிறவர்களை வழியில் மறித்துப் பேசுவது சரியில்லை.

பெயர், வயது, படிக்கிறாரா, வேலை செய்கிறாரா, எங்கே, எந்த நேரம் ஓய்வு, என்ன செய்ய ஆசை. இவ்வளவு எழுதினால் போதும். சாதி, சங்கம், வருமானம் எதையும் கேட்காதீர்கள். கொழும்பில் இருக்கிற பிள்ளைகளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். "அவன் இங்கே இல்லையே, எதற்கு எழுதுகிறீர்கள்?" என்று தாய் கேட்பார். தீபாவளிக்கு வருவான்தானே என்று சொல்லுங்கள். அந்தப் பக்கம்தான் பின்னால் பெரிதாக உதவும்.

3. நாளும் நேரமும்

என் அனுபவத்தில் ஞாயிறு பிற்பகல் 2 முதல் 4 மணி வரை நல்ல நேரம். காலையில் அறநெறிப் பாடசாலை, கோயில், தேவாலயம், விறகு, துணி என்று வேலை இருக்கும். நான்கு மணிக்கு மேல் போனால் மூடுபனி இறங்கிவிடும், தூரத்து டிவிஷன் பிள்ளைகள் இருட்டில் தேயிலை மலைக்குள் நடக்க வேண்டி வரும். வெளிச்சத்தில் வீடு சேர்வதுதான் பெண் பிள்ளைகளைத் தொடர்ந்து அனுப்பத் தாய்மார் பார்க்கிற முதல் விஷயம். வேறு எத்தனை உறுதிமொழி கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு எல்லோரும் டவுனுக்குப் போவார்கள், அன்றைக்குப் பெரிய வேலை எதுவும் வைக்க வேண்டாம். மழையையும் பார்த்துத் திட்டமிடுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, ஹப்புத்தளைப் பக்கம் ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகும். மழைக் காலத்தில் கூரைக்குள் செய்கிற வேலையும், வெயில் காலத்தில் மைதான வேலையும் வைத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்தாலும் கூட்டத்தை மட்டும் நிறுத்தக் கூடாது. நான்கு பேர் வந்தாலும் கதவைத் திறந்து வையுங்கள். ஐந்தாவது ஆள் நனைந்துகொண்டு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அவர் மறுபடி வரமாட்டார்.

4. முதல் நான்கு கிழமை

முதல் கூட்டத்தில் மேடையும் மாலையும் பிரமுகர் பேச்சும் வேண்டாம். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்தால் போதும். "தோட்டத்தில் உங்களுக்குத் தொந்தரவாக இருப்பது என்ன?" என்று கேளுங்கள். "சமூகத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டால் பாடசாலைப் பேச்சுப் போட்டியில் பேசியதையே சொல்வார்கள். தொந்தரவு என்ன என்று கேட்டால் பாதையில் லைட் இல்லை, படிக்க இடம் இல்லை, விளையாடப் போனால் பெரிய பையன்கள் துரத்துகிறார்கள், அடையாள அட்டை இன்னும் வரவில்லை என்று உண்மை வெளியே வரும்.

அதில் சின்னதாக ஒன்றை எடுத்து ஏழு நாளுக்குள் செய்து முடியுங்கள். பீலிக்குப் போகிற படிக்கட்டைத் துப்புரவாக்குவது, மண்டபத்தில் ஒரு பல்ப் போடுவது போன்ற வேலை போதும். இரண்டாம் கிழமை வருகிறவர்கள் பேச்சை நம்பி வரமாட்டார்கள், எரிகிற பல்பைப் பார்த்து வருவார்கள்.

மூன்றாம் கிழமை விதிகளை அவர்களே எழுதட்டும். நான்காம் கிழமை பதவி. அதற்கு முன் பதவி கொடுத்தால் குரல் பெரியவனுக்குத்தான் போகும்.

5. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர்

கழகத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், விளையாட்டு, நூலகம், சாவி என்று எந்தப் பொறுப்பாக இருந்தாலும் ஒருவர் 18 வயதுக்கு மேல், அவரோடு இன்னொருவர் 14, 15 வயதில். பெரியவர் செய்யும்போது சின்னவர் பார்ப்பார். மூன்று மாதத்தில் சின்னவர் செய்வார், பெரியவர் பக்கத்தில் இருப்பார். பெரியவர் கொழும்புக்குப் பஸ் ஏறுகிற அன்று சின்னவர் பெரியவராகி, தனக்கு ஒரு சின்னவரைத் தேடிக்கொள்வார்.

சோடி சேர்க்கும்போது பெண்ணோடு பெண், பையனோடு பையன் என்று வைப்பதே இப்போதைக்கு நல்லது. வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் தலைவர் பையனாகவும் செயலாளர் எழுத்து அழகான பெண் பிள்ளையாகவும் இருக்கிற பழக்கத்தை உடைக்க வேண்டும். தோட்டத்தில் கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள், அவர்களை மேற்பார்க்கிற கங்காணி பெரும்பாலும் ஆண் என்பதைப் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். கழகத்திலும் அதையே காட்டக் கூடாது. ஒரு வருடம் தலைவர் சோடி பெண்கள், மறு வருடம் பையன்கள் என்று விதியிலேயே எழுதிவிடுங்கள்.

கொப்பிகள் யாருடைய வீட்டிலும் இருக்கக் கூடாது. வரவுக் கொப்பி, காசுக் கொப்பி, கூட்டக் குறிப்பு மூன்றும் மண்டபத்தில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கட்டும். சாவி இரண்டு.

6. பதிவு செய்வது

தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் 1979 ஆம் ஆண்டின் 69 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. 13 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் இளைஞர் கழகத்தில் சேரலாம். ஊர்க் கழகம், பிரதேசச் சம்மேளனம், மாவட்டச் சம்மேளனம், தேசியச் சம்மேளனம் என்று அடுக்கு அடுக்காகப் போகும். உங்கள் பிரதேச செயலகத்தில் இளைஞர் சேவை அதிகாரி இருப்பார். உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு, விதிகள் மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு அவரைப் பாருங்கள். பதிவு இருந்தால் வங்கிக் கணக்குத் திறப்பதும், விளையாட்டு விழா, பயிற்சிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவதும் லேசாகும்.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேட்காமல் திரும்பாதீர்கள். உங்களோடு வந்த பதினைந்து வயதுப் பிள்ளை அலுவலகத்தில் எப்படிப் பேசுவது என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொள்கிறது. இப்படிப்பட்ட வேலைகளுக்கு நான் தனியாகப் போவதே இல்லை, ஒரு சோடியைக் கூட்டிக்கொண்டு போவேன்.

இன்னொன்றும் உண்டு. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்யச் சட்டம் நீண்ட காலம் இடைஞ்சலாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. பாதை, விளக்கு, மைதானம் பற்றிக் கழகத்தின் கடிதத் தலைப்பில் பிரதேச சபைக்கு எழுதலாம். பல தோட்டங்களில் இன்னும் அலுவலகத்தில் மட்டும்தான் கேட்கிறார்கள்.

7. பிள்ளைகளின் பாதுகாப்பு

இதில் இளகிய மனம் வேண்டாம். தெரிந்த அண்ணன், நல்ல சேர், கோயில் ஆள் என்று யாருக்கும் விதிவிலக்கு கிடையாது.

18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் இருக்கிற எந்த நிகழ்ச்சியிலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. ஆட்டோவிலோ மோட்டார் சைக்கிளிலோ ஒரு பிள்ளையைத் தனியாக ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. பிள்ளைகளுக்குத் தனித்தனியாக இரவில் மெசேஜ் போடக் கூடாது. அறிவித்தலை வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், அதில் சில தாய்மாரும் இருக்கட்டும். வெளியே கூட்டிக்கொண்டு போனால் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். எழுதத் தெரியாத தாய்க்கு வாசித்துக் காட்டி, விளங்கியதா என்று கேட்ட பிறகுதான் கையொப்பமோ கைநாட்டோ.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து தனக்கு நடந்த கெட்டதைச் சொன்னால் அமைதியாகக் கேளுங்கள். "ஏன் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. "நீ சொன்னது நல்லது, உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள். அன்றைக்கே பிள்ளையின் சொற்களிலேயே எழுதி வையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், பொலிஸில் சிறுவர் பெண்கள் பிரிவு இருக்கிறது.

தோட்டத்தில் இந்த மாதிரி விஷயம் வெளியே வந்ததும் நான்கு பெரியவர்கள் கூடிப் 'பேசித் தீர்க்க' வருவார்கள். மானம் போகும், கல்யாணம் தடைப்படும், அந்தப் பையனே கட்டிக்கொள்வான் என்பார்கள். நான் அப்படி ஒரு பேச்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஆண்கள் எல்லோரும் பேசினார்கள், அந்தப் பிள்ளை அடுப்படியில் இருந்தது. அன்று நான் எழுந்து போய்த் தொலைபேசியை எடுக்காததை இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன். சிறுவர் துஷ்பிரயோகம் குற்றம். தோட்டத்துக்குள் பேசி முடிக்கிற தகராறாக அதை யாரும் மாற்ற விடாதீர்கள்.

வேலைக்கு அனுப்புவதிலும் கவனம் வேண்டும். 16 வயது வரை படிப்பு கட்டாயம். வேலைக்குச் சேர்க்கும் ஆகக் குறைந்த வயதும் 2021 இல் 16 ஆக்கப்பட்டது. அதே வருடம் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு சிறுமியின் மரணம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. "நல்ல வீடு, பிள்ளையை அனுப்புங்கள்" என்று ஒரு தரகர் லயத்துக்குள் வந்தால், அது முதலில் பிள்ளைகளுக்கே தெரியவரும். அவர்கள் கழகத்தில் வந்து சொல்லக்கூடிய அளவுக்கு உங்களை நம்ப வேண்டும்.

மனம் உடைந்த பிள்ளைக்கு 1926 மனநல உதவி இலக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு இலக்கங்களையும் மண்டபக் கதவின் உள்பக்கம் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

8. கிழமைதோறும் என்ன செய்வது

மாலை வகுப்புத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நல்லதுதான். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் (அறையில்) ஐந்தாறு பேர் இருக்கிற வீட்டில் படிக்க இடமில்லை. ஆகவே முதலில் மேசை, வெளிச்சம், சத்தமில்லாத இரண்டு மணி நேரம் கொடுங்கள். பாடம் சொல்லிக் கொடுப்பது அதற்குப் பிறகு. உயர்தரம் படிக்கிற அக்கா ஒருவர் கணிதம் சொல்லிக்கொடுத்தால், டவுன் டியூட்டரிக்குக் காசு கட்ட முடியாத பிள்ளைக்கு அது பெரிய காரியம்.

ஆவண நாள் ஒன்று வையுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் பதிவு, பெற்றோரின் அடையாள அட்டை மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அன்றைய வேலை. 'ராஜேஸ்வரி' ஒன்றில் 'ராஜெஸ்வரி', இன்னொன்றில் தகப்பன் பெயர் சிங்கள உச்சரிப்பில் இருக்கும். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003 வரை கட்டம் கட்டமாக அதைத் திரும்பப் பெற்ற சமூகம் நாங்கள். ஒரு கடதாசி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று எங்கள் தாத்தா பாட்டிமாருக்குத் தெரியும். 15 வயது ஆனதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலைப் பிள்ளைகள் அதிபர் மூலமும், படிப்பை நிறுத்தியவர்கள் கிராம உத்தியோகத்தர் மூலமும் விண்ணப்பிக்க வேண்டும். படிப்பை நிறுத்தியவர்கள்தான் எப்போதும் விடுபடுகிறார்கள். அவர்களை லயம் லயமாக எழுதிய கொப்பியில் தேடுங்கள்.

மழை அளப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மறுபடி மலைகள் சரிந்தன. பெரிய எச்சரிக்கை ரேடியோவில் வரும். ஆனால் நம் மலையில் எவ்வளவு பெய்தது என்பதை நாமே அளக்கலாம்.

பக்கங்கள் நேராக இருக்கிற பெரிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் மேல்பாகத்தை வெட்டித் தலைகீழாகப் புனல் மாதிரி செருகுங்கள். அடிப்பாகம் மேடு பள்ளமாக இருக்கும். அதனால் சிறு கற்களைப் போட்டு, நேரான பக்கம் தொடங்குகிற இடம் வரை தண்ணீர் விட்டு, அங்கே பூச்சியம் என்று கோடு போடுங்கள். அதிலிருந்து மேலே மில்லிமீற்றர் அளவு ஒட்டுங்கள். கூரையும் மரமும் இல்லாத திறந்த இடத்தில், காற்றில் விழாதபடி கட்டி வையுங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் ஒரு சோடி வாசித்து, எழுதி, தண்ணீரைப் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற கணக்குப்படி, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தாலோ ஆபத்தான சரிவில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும். அடைமழை நாளில் காலை வரை காத்திருக்காமல் மணிக்கு ஒரு தடவை பாருங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வருகிற பீலி, இல்லாத இடத்தில் கிளம்பிய ஊற்று ஆகியவற்றைக் கண்டால் மழை அளவைப் பார்க்காமலே வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. எந்த லயத்தில் நடக்க முடியாத ஆச்சி இருக்கிறார், அவரைத் தூக்கப்போவது யார் என்பதை மழைக்கு முன்பே எழுதி வையுங்கள்.

விளையாட்டில் நான் வொலிபோல் பக்கம். கிரிக்கெட் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் எங்கள் மைதானங்களில் ஒரு நல்ல அடி அடித்தால் பந்து தேயிலைக்குள் போய்விடும். பெரும்பாலும் பையன்கள் மட்டுமே விளையாடுவார்கள். வொலிபோலுக்குச் சின்ன சமதரை போதும், பெண் பிள்ளைகளின் அணியும் லேசாகச் சேரும். மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அந்த நேரத்தில் பையன்கள் வலைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று விதி வையுங்கள்.

காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகள் போனில் பதிவு செய்து, பாட்டை எழுதி எடுக்கலாம். தப்பு என்கிற பறையைப் பழக வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அப்போது தப்பு அடிப்பது இன்னார் வேலை என்று யாராவது முணுமுணுப்பார்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தப்பைக் கையில் எடுக்கட்டும். கழகம் இதில் விட்டுக்கொடுத்தால், மற்ற இடங்களில் சமத்துவம் பேசுவதில் அர்த்தமில்லை.

9. காசு

என் இரண்டாவது கழகம் காசுப் பிரச்சினையால் நின்றுபோனது. திருவிழாவுக்குப் பிறகு மிஞ்சிய பணத்தை, ஒரு வீட்டில் சாவு விழுந்தபோது பொருளாளர் கைமாற்றாகக் கொடுத்தார். நல்ல எண்ணத்தில் கொடுத்தார். ஆனால் எழுதவில்லை. திரும்பி வரத் தாமதமானது, பேச்சு வளர்ந்தது, அவர் மனம் நொந்து விலகினார், அவரோடு ஒரு லயமே விலகியது.

ஆகவே கழகக் காசில் கடன் கொடுக்கக் கூடாது, எவ்வளவு நியாயமான காரணமாக இருந்தாலும். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையொப்பம் வேண்டும். கையில் வைத்திருக்கிற தொகைக்கு ஒரு எல்லை வையுங்கள். சந்தா சம்பளம் வந்த கிழமையில், எல்லா வீட்டாலும் கொடுக்கக்கூடிய சின்னத் தொகையாக இருக்கட்டும், கொடுக்க முடியாத பிள்ளையின் பெயரைச் சபையில் வாசிக்காதீர்கள். மாதக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். வேலைக்குப் பேர் கொடுக்க வருகிற தாய்மார் அதை வாசிப்பார்கள், வாசிக்கத் தெரியாதவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். அதைவிடப் பெரிய கணக்காய்வு கிடையாது.

10. வெளியிலிருந்து வருகிற தொண்டர்களுக்கு

பல்கலைக்கழக மாணவர்கள், டவுன் ஆசிரியர்கள், வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் என்று பலர் உதவி செய்ய வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, தொடர்ந்து ஆறு தடவை வர முடியுமா என்பதைத்தான். ஒரு நாள் வந்து கொப்பி கொடுத்து, படம் எடுத்துப் போவதால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது குறைவு. வருகிற ஞாயிறும் அந்த அக்கா வருவாரா என்று பிள்ளைகள் கேட்கும்போது, பதில் சொல்ல இங்கே இருப்பவர் நாங்கள்.

எங்கள் பேச்சைத் திருத்தாதீர்கள். தோட்டத் தமிழ் குறைந்த தமிழ் இல்லை. பிள்ளைகள் உங்களை சேர், மிஸ் என்று கூப்பிடும், அண்ணா அக்கா என்று கூப்பிடச் சொல்லுங்கள். தாய்மார் பிளேன்டீ கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள். லயத்துக்குள் படம் எடுப்பதென்றால் வீட்டுக்காரரைக் கேளுங்கள், பிள்ளையின் முகமும் ஊரும் பெயரும் ஒன்றாக முகநூலில் வரக் கூடாது. உடுப்பு, பழைய புத்தகம் கொண்டுவந்தால் கழகத்திடம் கொடுத்துவிடுங்கள், வரிசையில் நிறுத்திக் கொடுக்க வேண்டாம். மழைக் காலத்தில் அட்டை கடிக்காமல் இருக்கச் சவர்க்காரம் பூசிய காலுறை, குடை, கடைசி பஸ்ஸின் நேரம் மூன்றும் அவசியம்.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பிள்ளைகளுக்கல்ல, ஒரு சோடிக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள்.

11. போனவர்களும் தீபாவளியும்

கொழும்புப் பக்கத்தில் எழுதிய பெயர்கள் ஞாபகம் இருக்கிறதா? அவர்களுக்கென்று தனி வாட்ஸ்அப் குழு வையுங்கள். காசு கேட்பதற்காக மட்டும் அழைக்காதீர்கள். எந்தக் கடை சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கிறது, எந்தப் பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பம் கோரியிருக்கிறார்கள், தங்குமிடம் எங்கே பாதுகாப்பாக இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அடுத்ததாகப் பஸ் ஏறப்போகிற பிள்ளைக்கு முன்கூட்டியே ஒரு அண்ணனின் இலக்கமாவது கையில் இருக்கும்.

வருடாந்தப் பொதுக் கூட்டத்தைத் தீபாவளிக்கு மறுநாள் வையுங்கள். அன்றைக்குத்தான் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். கணக்கு வாசிப்பது, புது சோடிகளைத் தெரிவது, மழைக் கொப்பியைப் பார்ப்பது எல்லாம் அன்றே முடிந்துவிடும். போன வருடம் எங்கள் கூட்டத்தில் பழைய சாவிக்காரத் தம்பி கொழும்பிலிருந்து வந்திருந்தான். சாவி இப்போது ஒன்பதாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளையிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்து எல்லோரும் வெளியே வந்ததும் பழக்கத்தில் அவன் பூட்டை எடுக்கப் போனான். "அண்ணே, நான் பூட்டுறேன்" என்று அந்தப் பிள்ளை கையை நீட்டியது.